வெண்டிலேட்டர் திறப்பு விழா

தொண்ணூற்றாறாம் ஆண்டு மழைக்காலத்தில் மலையாள நாட்டின் தென்னெல்லையில், அம்பூரி மலையிலிருந்து ஒரு காய்ச்சல் இறங்கி, வெள்ளறடை வழியாகக் காரோடு கடற்கரை வரைக்கும் வந்து சேர்ந்தது. அதற்குப் பெயர் வைக்கத் தலைநகரத்தில் ஒரு குழு அமைத்தார்கள். குழு பெயர் வைக்கும் வரையில் யாரும் அதைக் கொள்ளைநோய் என்று சொல்லக்கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. அந்த வாரம் எங்கள் பக்கத்தில் ஒன்பது பேர் பெயரில்லாத காய்ச்சலில் செத்தார்கள்.

முதல் மூன்று நாள் வெறும் காய்ச்சல்தான். நாலாம் நாள் கால் தளரும். பிறகு கை. ஆறாம் நாள் மூச்சை இழுக்கிற பலம் போய்விடும். காரோட்டில் தையல் மிஷின் பழுது பார்க்கும் வேதமணியின் மகள் அனுமோளுக்கு அந்த ஆறாம் நாள் அரசு ஆஸ்பத்திரியில் வந்தது. அவளுக்குப் பதினேழு வயது. டாக்டர் ஜிஜி, வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதமே ஆன பெண், அவள் தொண்டைக்குள் ஒரு குழாயை இறக்கி, குழாயின் முனையில் ரப்பர்ப் பை ஒன்றை மாட்டினார். பையை அமுக்கினால் காற்று உள்ளே போகும். விட்டால் வெளியே வரும்.

"நெஞ்சுக்குக் கேடில்ல மேஸ்திரி. இழுக்குற பலம்தான் இல்ல. பதினஞ்சு இருபது நாள் நாம காத்து குடுத்தா மதி, பலம் தன்னால திரும்பி வரும்" என்றார் ஜிஜி.

"குடுக்காட்டி?"

ஜிஜி பையை வேதமணியின் கையில் வைத்து, எப்படி அமுக்குவது என்று காட்டினார்.

நிமிடத்துக்குப் பதினாறு முறை அமுக்க வேண்டும். அதைத் தானாகச் செய்கிற இயந்திரத்துக்கு வெண்டிலேட்டர் என்று பெயர். தலைநகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் அது நான்கு இருந்தது. காத்திருப்போர் வரிசையில் அனுமோள் இருபத்து மூன்றாவது ஆள்.

வேதமணி அமுக்கினார். அவர் மனைவி லில்லிபாய் அமுக்கினாள். லில்லிபாயின் தம்பி தாசையன், வெள்ளறடையில் ரப்பர் வெட்டுகிறவன், மூன்று வீட்டு மரங்களை அப்படியே விட்டுவிட்டு வந்து அமுக்கினான். அமுக்கத் தொடங்கிய நாலாம் நாள் நடுப்பகலில் தாசையன் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டான். கை மட்டும் பையைப் பிடித்திருந்தது. லில்லிபாய் வெந்நீர் வாங்கிக்கொண்டு திரும்பியபோது மகளின் உதடு கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பையைப் பிடுங்கினாள்.

நிறம் திரும்பிய பிறகு தாசையன் வராந்தாவில் நின்று அழுதான்.

"எனக்க கையாக்கும் அளியா. இருபது வருசம் கத்தி பிடிச்ச கை. அது ஒறங்கிப்போச்சே."

"கைக்கு ஒறக்கம் உண்டுலே. இரும்புக்கு இல்ல" என்றார் வேதமணி. "நீ பிள்ளைக்க பக்கத்துல இரி. நான் வீடு வரை போயிட்டு வாறேன்."

வேதமணி அதிகம் பேசாதவர். ஓடாத மிஷினுக்கு முன்னால் அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார். பிறகு ஒரே ஒரு திருகைத் தளர்த்துவார், மிஷின் ஓடும். அன்றைக்குத் தன் வீட்டுத் தையல் மிஷினுக்கு முன்னால் அப்படி உட்கார்ந்திருந்துவிட்டு, மேலே இருந்த தலையைக் கழற்றி வைத்தார். காலால் மிதிக்கும் இரும்புச் சட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். மிதியின் வேகத்தை நாலில் ஒன்றாகக் குறைக்க ஒரு பழைய சைக்கிள் சக்கரம். சக்கரத்திலிருந்து ஒரு கம்பி. கம்பியின் முனையில், கீல் வைத்த இரண்டு பலாப் பலகை. பலகைகளுக்கு நடுவில் பை. பலகை எவ்வளவு தூரம் இறங்கலாம் என்பதற்கு ஒரு மரக்கட்டை, ஆகவே ஒவ்வொரு முறையும் ஒரே அளவு காற்று. நாலு மிதிக்கு ஒரு மூச்சு.

"ஒரு மோட்டாரு வச்சா போதாதா அளியா? எதுக்கு மிதிச்சு சாவணும்?" என்றான் தாசையன்.

"தெவசம் அரைமணிக்கூறு கரண்டு கட்டு உண்டு. அந்த அரைமணிக்கூறு உனக்க மருமவ என்ன செய்வா?"

டாக்டர் ஜிஜி அதை முதலில் தன் கைப்பட ஒரு வெறும் பையில் ஓட்டிப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அனுமோளின் குழாயில் மாட்டி ஒரு மணி நேரம் பக்கத்திலிருந்து நகரவில்லை. நாடி சரியாக இருந்தது, உதட்டில் நிறம் இருந்தது. லில்லிபாய் மிதித்துக்கொண்டே ஆறு நாளில் முதல்முறையாகச் சோறு தின்றாள், ஏனென்றால் கை சும்மா இருந்தது.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி கண்காணிப்பாளர் டாக்டர் கிருஷ்ணன்குட்டி வார்டைச் சுற்றி வந்தார். அவர் மலையாளத்தில்தான் பேசுவார், அதுவும் அச்சில் ஏற்றத் தயாராக இருக்கும் மலையாளம். மிஷினுக்கு முன்னால் நின்றார்.

"யார் இந்தத் தையல்காரி?"

"தையல்காரி இல்ல சாரே, பெத்த தள்ளையாக்கும்" என்றாள் லில்லிபாய், மிதிப்பதை நிறுத்தாமல்.

"வார்டுக்குள் இருக்கும் ஒவ்வொன்றும் மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டும். கருவி, மரச்சாமான், நோயாளி. இது எது?"

"கருவி சார்" என்றார் ஜிஜி.

"கருவிப் பதிவேட்டில் இருக்கிறதா?"

"இல்ல சார்."

"மரச்சாமான் பதிவேட்டில்?"

"இல்ல."

"சீட்டு எடுத்திருக்கிறதா?"

மிஷின் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. கண்காணிப்பாளர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை, விளக்கிச் சொல்கிறவர்.

"நான் இரக்கத்துக்கு எதிரி அல்ல. இரக்கத்துக்கும் ஒரு வழிமுறை உண்டு. இன்று ஒரு பெண் பிழைப்பதற்காக விதியைத் தளர்த்தினால், நாளைக்கு எல்லோரும் பிழைக்க வேண்டும் என்று வந்து நிற்பார்கள். இந்த ஆஸ்பத்திரி தாங்குமா?"

மிஷினை வராந்தாவில் வைத்தார்கள். தாசையன் மறுபடி பையைக் கையில் எடுத்தான்.

அனுமதிக்கு விண்ணப்பம் எழுத வேண்டும். ஆஸ்பத்திரி அலுவலகத்து எழுத்தர் பரமசிவன் வெள்ளறடைக்காரர், தமிழ் தெரிந்தவர். வேதமணி எழுதிக் கொண்டுவந்த காகிதத்தில் 'மூச்சு குடுக்கும் மிஷின்' என்று இருந்தது. பரமசிவன் அதை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"வேய், இப்பிடி எழுதினா எங்க போகும் தெரியுமா? மிஷின் எண்ணு கண்டா கைத்தொழில் ஆபீசுக்குப் போகும். காத்து எண்ணு கண்டா பம்புசெட்டுக்காரன் எடுப்பான். இங்கிலீஷ் பேரு போடணும். வெண்டிலேட்டர். அது எல்லாவனுக்கும் மனசிலாகும்."

"செரி சாரே."

"பின்ன, மேல ஒரு வார்த்த சேக்கணும். இந்த வருசம் சர்க்காருக்கு இஷ்டப்பட்ட வார்த்த ஒண்ணு உண்டு. செலவு குறைந்த. அது இருந்தா ஃபைலு பறக்கும்."

பொருள்: செலவு குறைந்த வெண்டிலேட்டர். அப்படியே மலையாளத்தில் எழுதி, முத்திரை வைத்து அனுப்பினார். ஃபைல் பறக்கத்தான் செய்தது.

எங்கள் பக்கத்தில் வீடு கட்டுகிற எல்லோருக்கும் வெண்டிலேட்டர் தெரியும். ஜன்னலுக்கு மேலே, கூரைக்குக் கீழே, காற்றுப் போக விடுகிற சின்னத் திறப்பு. செலவு குறைந்த என்ற வார்த்தையும் எல்லோருக்கும் தெரியும். பூச்சு இல்லாத செங்கல் சுவரும், செங்கல்லை விட்டு விட்டு அடுக்கிய துளைகளும். ஆகவே தலைநகரத்தில் எவருக்கும் சந்தேகம் வரவில்லை. ஃபைல் இரண்டே நாளில் மாவட்ட மலிவுக் கட்டுமான மையத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

மூன்றாம் நாள் மையத்தின் பொறியாளர் ராபின்சன் அளவு நாடாவும் குடையுமாக வந்தார். விண்ணப்பதாரர் யார் என்று கேட்டார். வேதமணியைக் காட்டினார்கள். வேதமணி இரண்டு கையிலும் வீக்கத்தோடு எழுந்து நின்றார். வந்திருப்பவர் மிஷினைப் பார்க்க வந்த நிபுணர் என்று நினைத்தார்.

"நீர்தானா? கொள்ளாம். பொதுஜனங்களே வெண்டிலேட்டர் வேணும்னு கேக்குறது இதாக்கும் முதல் தடவை" என்றார் ராபின்சன். "எத்தன வேணும்?"

"ஒண்ணு மதி சாரே. கூட ரெண்டு மூணு இருந்தா மத்த பிள்ளையளுக்கும் ஆகும்."

"ஒரு வார்டுக்குப் பன்னிரண்டாவது வேணும். தேக்கா, ஆஞ்சிலியா?"

"பலா போட்டிருக்கேன்."

"பலாவா! அருமையான யோசன. மழ நனையுமா?"

"இப்பம் வராந்தாவுல சாரல் அடிக்குது. அதான் உள்ள கேறணும்னு சொல்லுதேன்."

"உள்ள தள்ளி வைக்கணும். செரி." எழுதிக்கொண்டார். "காத்து மாற்றம் எத்தன கிடைக்கும்?"

"பதினாறு."

"மணிக்குப் பதினாறா?"

"மணிக்கா? மணிக்குப் பதினாறுன்னா பிள்ள செத்துப்போகுமே சாரே. நிமிசத்துக்குப் பதினாறு."

ராபின்சன் எழுதுவதை நிறுத்தினார். அவருடைய மையம் பதினொரு வருட ஆராய்ச்சிக்குப் பிறகு ஓர் அறையின் காற்று மணிக்கு ஆறு முறை மாறும் நிலையை எட்டியிருந்தது. வேதமணியை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீர் எங்க படிச்சீரு?"

"ஏழாங்கிளாசு. மிஷினு சாரே, அந்தா இருக்கு, ஒருக்கா பாத்தா..."

"மிஷினெல்லாம் எதுக்கு? எளிமைதான் நம்ம கொள்கை" என்றார் ராபின்சன். நாற்காலியில் ஏறிச் சுவரை அளந்தார். நாற்காலி அனுமோளின் கட்டிலை ஒட்டிப் போடப்பட்டிருந்தது. அவர் செருப்புக்கு ஒரு முழம் தள்ளி லில்லிபாயின் கை அமுக்கிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். "கையில என்ன, பலூனா?" என்று கேட்டுவிட்டு இறங்கினார்.

அனுமதி அன்றைக்கே வந்தது. காரணம், அமைச்சருக்குப் பத்தொன்பதாம் தேதி சாயங்காலம் மூன்று முதல் நாலு வரை ஒழிவு இருந்தது. திறப்பு விழாவுக்குத் தேதி கிடைத்துவிட்டால் எங்கள் நாட்டில் வேலை தானாக நடக்கும்.

சுவரை உடைக்க ஆள் வந்தார்கள். நோயாளிகளை எங்கே மாற்றுவது என்று கேட்டதற்கு, மதிப்பீட்டில் நோயாளிகள் இல்லை என்று கொத்தனார் சொன்னார். செங்கல் தூசி வார்டு முழுக்க இறங்கியது. லில்லிபாய் தன் முண்டை அவிழ்த்து மகளுக்குமேல் பந்தல்போல் கட்டிவிட்டு உள்பாவாடையோடு நின்று அமுக்கினாள். டாக்டர் ஜிஜி கண்காணிப்பாளரின் அறைக்கு ஓடினார்.

"சார், நாம கேட்ட வெண்டிலேட்டர் இது இல்ல. இது ஓட்டை."

கிருஷ்ணன்குட்டி கதவைச் சாத்தச் சொன்னார்.

"எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா? நான் இருபத்தெட்டு வருடமாக டாக்டர். ஆனால் கிடைத்தது தவறு என்று நாம் சொன்னால், கேட்டது தவறு என்று அவர்கள் சொல்வார்கள். விசாரணை வரும். நான் மார்ச்சில் ஓய்வு பெறுகிறேன். மேலும் யோசித்துப் பார். காற்றோட்டம் கெடுதலா?"

பன்னிரண்டு ஓட்டைகளும் நான்கு நாளில் தயார். பத்திரிகையில் செய்தி வந்தது: எல்லைக் கிராமத்து ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு வெண்டிலேட்டர்கள், தென்னாட்டில் இதுவே முதல்முறை. அதைப் படித்துவிட்டு மூன்று ஜீப் வந்தது, ஒவ்வொன்றிலும் மூச்சுக்குத் திணறும் ஓர் ஆள். இரண்டு பேரை ஜிஜி பையோடு கட்டிலில் சேர்த்தார். பொன்னுதாஸ் என்ற கிழவர் ஜீப்பிலிருந்து இறக்கும்போதே இறந்துபோனார். அவருடைய மகன் சுவரிலிருந்த ஓட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணினான். பிறகு அப்பாவை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனான்.

அன்றைக்கே தலைநகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. பரமசிவன் அதை வேதமணிக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார். தங்களிடம் பன்னிரண்டு வெண்டிலேட்டர்கள் இருப்பதை அறிந்து மகிழ்கிறோம். ஆகவே தங்கள் நோயாளி அனுமோளின் பெயர் காத்திருப்போர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு, கோப்பு முடிக்கப்பட்டது. எங்களிடம் நான்கே இருப்பதால், இரண்டை அனுப்பி உதவ வேண்டுகிறோம்.

வேதமணி ஓடாத மிஷினுக்கு முன்னால் உட்காருவதுபோல் அந்தக் கடிதத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். எந்தத் திருகைத் தளர்த்துவது என்று அவருக்குத் தெரியவில்லை.

பரமசிவன்தான் பேசினார். "வேய், நான் எழுதின வார்த்தையாக்கும் இந்தப் பாடுபடுத்துது. பொறும். திறப்பு விழாவுக்குத் தோரணம், கொடி, திரைச்சீல எல்லாம் தைக்கணும்லா? அதுக்குத் தையல் மிஷின் ஒண்ணு வார்டுல இருக்கலாம். மூணு வேணும்னாலும் இருக்கலாம். தற்காலிக மரச்சாமான்."

"அதுல தலை இல்லயே சாரே?"

"பதிவேட்டுல தலைக்குத் தனிக் கட்டம் இல்ல" என்றார் பரமசிவன்.

மிஷின் உள்ளே வந்தது. காரோட்டுத் தையல்காரிகள் இரண்டு பேர் தங்கள் மிஷின்களின் தலையைக் கழற்றி வைத்துவிட்டு மிதிச் சட்டத்தைக் கொடுத்தார்கள். வேதமணி ஒன்றரை நாளில் அவற்றையும் அமைத்தார். மூன்று கட்டில், மூன்று மிஷின், நாலு மிதிக்கு ஒரு மூச்சு. கண்காணிப்பாளர் பதிவேட்டைப் பார்த்தார், மிஷினைப் பார்க்கவில்லை, கையெழுத்திட்டார்.

பத்தொன்பதாம் தேதி விழா வார்டிலேயே நடந்தது. கட்டில்களை ஒரு பக்கம் ஒதுக்கி மேடை போட்டார்கள். ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு சின்னப் பட்டுத்திரை. அமைச்சர் கயிற்றை இழுத்தார். திரைகள் விலகின. கூரைக்குக் கீழே பன்னிரண்டு சதுரத்தில் வானம் தெரிந்தது. கைதட்டினார்கள்.

ராபின்சன் பேசினார். "நிமிடத்துக்குப் பதினாறு காற்று மாற்றம். இந்த உலகச் சாதனைக்கு எங்கள் மையத்தின் ஆராய்ச்சியே காரணம்."

கண்காணிப்பாளர் பேசினார். "இந்த ஆஸ்பத்திரியில் மூச்சு விட முடியவில்லை என்று இனி எவரும் சொல்ல முடியாது. சொன்னால் அது நோயாளியின் குறைபாடு."

அடுத்து அமைச்சர். காய்ச்சலில் இறந்தவர்களுக்கு அஞ்சலி செலுத்தாமல் எப்படிப் பேசுவது என்று தழுதழுத்தார். இறந்தவர்களின் பட்டியலைத் தலைநகரத்திலிருந்தே கொண்டுவந்திருந்தார்கள். ஒவ்வொரு பெயராக வாசித்தார். பதினான்காவது பெயர், காரோடு வேதமணி மகள் அனுமோள்.

லில்லிபாயின் கால் ஒரு மிதி தடுமாறி, மறுபடி பிடித்துக்கொண்டது.

"ஓய் பரமசிவன் சாரே, எனக்க பிள்ளைக்க பேரு அதுல எப்பிடி வந்துது?" என்றார் வேதமணி.

"கோப்பு முடிஞ்சுதுண்ணு எழுதினாங்கல்லா" என்று பரமசிவன் முணுமுணுத்தார். "கோப்பு முடிஞ்சா ஆளும் முடிஞ்ச கணக்குத்தான்."

"இரண்டு நிமிட மௌனம்" என்றார் அமைச்சர். எல்லோரும் எழுந்து தலை குனிந்தார்கள். வார்டு அடங்கியது. அடங்கிய வார்டில் மூன்று மிஷின்களின் ஓசை மட்டும் கேட்டது. டக், டக், டக், டக், பிறகு ஒரு நீண்ட பெருமூச்சு. டக், டக், டக், டக்.

அமைச்சரின் உதவியாளர் கண்காணிப்பாளரை முறைத்தார். கண்காணிப்பாளர் நுனிக்காலில் லில்லிபாயிடம் வந்தார். முதல் தடவையாகத் தமிழில் பேசினார்.

"நிறுத்து. ரெண்டே நிமிஷம். செத்தவங்களுக்கு மரியாதை வேண்டாமா?"

லில்லிபாய் காலை நிறுத்தவில்லை. குரலை மட்டும் தாழ்த்தினாள்.

"சாரே, நீங்க ரெண்டு நிமிசம் மூக்கையும் வாயையும் பொத்திக்கிட்டு நில்லுங்கோ. நின்னு காட்டினா நானும் நிறுத்துதேன்."

கிருஷ்ணன்குட்டி அதற்கு எந்த விதியில் பதில் இருக்கிறது என்று யோசிப்பவர்போல் நின்றார். அப்படி நின்றதிலேயே இரண்டு நிமிடம் முடிந்துவிட்டது.

அமைச்சர் தலை நிமிர்ந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. "அந்த மௌனத்தில் நீங்கள் கேட்டீர்களா? நான் கேட்டேன். இந்த வெண்டிலேட்டர்கள் வழியாகக் காற்று உள்ளே வருகிற ஓசையைக் கேட்டேன். அது உயிரின் ஓசை!"

வார்டு அதிரக் கைதட்டினார்கள். அந்தச் சத்தத்தில் லில்லிபாய் மிதியை எண்ணுவதற்கு மகளின் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்று, இரண்டு. நாலாவது மிதியில்தான் பலகை இறங்கும், நெஞ்சு உயரும். இரண்டாவது மிதியில் நெஞ்சு உயர்ந்தது. கொஞ்சம்தான், ஒரு விரல் கனம். பலகை மேலேதான் இருந்தது.

"டாக்டரே" என்றாள். "டாக்டரே, இது நான் குடுத்தது இல்ல."

ஜிஜி பாய்ந்து வந்து அனுமோளின் நெஞ்சில் கையை வைத்தார். "சேச்சி, மிதிக்காதீங்க. ஒரு நொடி. மிதிக்காதீங்க."

பதினேழு நாளாக மகளுக்குக் காற்றுக் கொடுத்துவந்த லில்லிபாய் முதல்முறையாக நிறுத்திக் காலைத் தூக்கினாள். வேதமணி மிஷின் பக்கம் குனிந்து காது கொடுத்துக் கேட்டார். இரும்பு அசையவில்லை. பை தானாகச் சுருங்கியது, தானாக விரிந்தது. மறுபடி சுருங்கியது. ஜிஜி ஐந்து வரை எண்ணிவிட்டு, இன்றைக்கு இது போதும், இனி கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பார்ப்போம் என்று சொல்லி மறுபடி மிதிக்கச் சொன்னார்.

மேடையில் நன்றியுரை நடந்துகொண்டிருந்தது. கண்காணிப்பாளர் அந்த மிஷின் நின்றதைக் கவனித்திருந்தார். மறுநாள் அவர் விழா அறிக்கையில் ஒரு வரி சேர்த்தார். மௌன அஞ்சலியை முன்னிட்டு இயந்திரத்தை நிறுத்தும்படி தான் இட்ட ஆணை, மூன்று நிமிடத் தாமதத்துடன், முறையாக நிறைவேற்றப்பட்டது.